எந்தத் தேதி உங்கள் தேதி?

கேள்வி: கணவரின் வேலைக்காக 5 மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குக் குடிவந்தோம். ஊரில் 11 வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். என் லைசென்ஸ் 2034 வரை செல்லும். கிளம்பும்போது ஓராண்டுக்கான இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிக்கொண்டேன். ‘அது முடியும்வரை கவலையே வேண்டாம்’ என்கிறார் கணவர். தினமும் பிள்ளையைப் பள்ளியில் விடுவது நான்தான். அவர் சொல்வது சரியா? நான் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு தேதிகளையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்த நாட்டின் சட்டப்படி நீங்கள் எந்த நாளில் அங்கே குடியிருப்பவர் ஆனீர்கள்? பெரும்பாலான நாடுகள் அந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. பிரிட்டனில் 12 மாதம் ஓட்டலாம். ஜெர்மனியில் 6 மாதம்தான். நீங்கள் இருப்பது ஜெர்மனி என்றால் இன்னும் ஒரே மாதம்தான் பாக்கி, உங்கள் பெர்மிட்டில் எத்தனை மாதம் மிச்சமிருந்தாலும்.

அந்தப் பெர்மிட் உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். அசல் கார்டு கூடவே இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. 1949-ல் ஜெனீவாவிலும் 1968-ல் வியன்னாவிலும் நாடுகள் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தங்களின்படி வருவது அது. வந்து திரும்புகிறவர்களுக்கு நன்றாகவே உதவும். குடிவந்தவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் வைத்த கெடுதான் கணக்கு.

இதை அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் குடிபெயர்ந்தபோது 14 வருடம் ஓட்டிய கை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். ‘ஒரு வருடம் ஓட்டலாம்’ என்று வாயால் சொன்னார்கள், நம்பிவிட்டேன். ஒன்பதாவது மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் படிவத்தில் குடிவந்த தேதியைக் கேட்டிருந்தது. அதைப் பார்த்த ஏஜென்ட்தான், எனக்குரிய காலம் ஆறாவது மாதமே முடிந்துவிட்டதாகச் சொன்னார். மூன்று மாதம், பின் சீட்டில் மகளை வைத்துக்கொண்டு, செல்லாத லைசென்ஸோடு ஓட்டியிருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். யாராவது அடிபட்டிருந்தால்? லைசென்ஸ் செல்லாத நிலையில் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம், அல்லது அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்கலாம்.

சரி, டெஸ்ட்டுக்கு வருகிறேன். சில நாடுகள் தங்களுக்குள் லைசென்ஸை நேரடியாக மாற்றித் தருகின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால், பழைய கார்டை ஒப்படைத்துப் புதியது வாங்கினால் பெரும்பாலும் போதும். இல்லையென்றால் எழுத்துத் தேர்வு, ரோடு டெஸ்ட் இரண்டும் உண்டு. பிரிட்டனின் எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு, சாலையில் வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சொல்லும் 14 வீடியோ காட்சிகளும் உண்டு. அனுபவத்தை நம்பிப் படிக்காமல் போய்விடாதீர்கள்.

ரோடு டெஸ்ட்டில் முதல் தடவை நான் தேறவில்லை. லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்தேன். தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்கவில்லை. கண்ணாடியில் விழாத அந்தச் சின்ன இடத்தில்தான் சைக்கிள்காரர் வந்துகொண்டிருப்பார். அப்புறம் ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு வகுப்பு போனேன். ‘நன்றாகத்தான் ஓட்டுகிறீர்கள், ஆனால் நீங்கள் பார்ப்பது எனக்குத் தெரியவில்லையே’ என்றார். 14 வருடத்தில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. மறுமுறை தேறினேன். இன்றும் தலையைத் திருப்பாமல் லேன் மாறுவதில்லை.

உங்கள் கார்டில் இன்னொன்றையும் பாருங்கள். அது புதுப்பித்த கார்டு என்றால், முதன்முதலில் லைசென்ஸ் வாங்கிய தேதி அதில் இல்லாமல் போகலாம். அப்போது 11 வருட அனுபவத்துக்கு ஆதாரமே இருக்காது. லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்து ஒரு சான்றுக் கடிதத்துக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், வந்து சேர நாளாகும்.

இந்த வாரமே அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் விதியைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்தோடு குடிவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கணவரின் நாட்களும் உங்களோடு சேர்ந்தேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. டெஸ்ட்டுக்கு இருவருமாகவே பதிவு செய்யுங்கள்.