புரதம் எல்லாமே அதே 20 அமினோ அமிலங்கள்தான். அப்படியிருக்க, 'இது நம் உடம்பு, இது வைரஸ்' என்று டி செல்லுக்கு (கிருமி தொற்றிய செல்களைத் தேடும் வெள்ளணு வகை) எப்படித் தெரிகிறது?

தெரியாது என்பதுதான் நேரான பதில். வைரஸ் புரதத்தில் அதை அந்நியம் என்று காட்டும் வேதியியல் முத்திரை எதுவும் கிடையாது. நம் புரதங்களை இறுகப் பிடிக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை, அவை பக்குவப்படும் இடமான தைமஸ் சுரப்பியிலேயே செத்துவிடுகின்றன. மிஞ்சியவை எதையாவது இறுகப் பிடித்தால் அது அநேகமாக வெளியாளாகத்தான் இருக்கும். அவ்வளவே.

முதலில் டி செல் எதைப் பார்க்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆன்டிபாடி முழுப் புரதத்தின் வடிவத்தைப் பிடிக்கும். டி செல் அப்படியல்ல. செல்லுக்குள் இருக்கும் புரதங்களை, நம்முடையதோ வைரஸினுடையதோ, புரோட்டியசோம் என்ற வெட்டும் இயந்திரம் பாரபட்சமில்லாமல் வெட்டித் தள்ளுகிறது. அந்தத் துண்டுகள் எம்ஹெச்சி என்ற மூலக்கூறின் பள்ளத்தில் ஏறி செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. மனிதர்களிடம் இதற்கு எச்எல்ஏ என்று பெயர், ஆளுக்கு ஆள் இதன் வகை மாறும். முதல் வகை எச்எல்ஏவில் உட்காரும் துண்டு, அதாவது பெப்டைடு, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளம், பெரும்பாலும் 9.

300 அமினோ அமிலங்கள் உள்ள ஒரு புரதத்திலிருந்து 9 நீளத் துண்டுகள் 292 எடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏவில் அவற்றில் மிகச் சிலவே பொருந்தும். ஃப்ளூ வைரஸின் மேட்ரிக்ஸ் புரதத்தில் 58 முதல் 66 வரையுள்ள துண்டைப் பாருங்கள்: கிளைசின், ஐசோலூசின், லூசின், கிளைசின், ஃபினைலலனின், வாலின், ஃபினைலலனின், திரியோனின், லூசின். இரண்டாவதும் ஒன்பதாவதும் எச்எல்ஏ-ஏ2 வகையின் இரண்டு குழிகளில் இறங்கி நங்கூரமிடுகின்றன. சிங்கப்பூர்ச் சீனரிடம் பரவலாக உள்ள ஏ*11:01 என்ற எச்எல்ஏ வகைக்கோ கடைசி இடத்தில் லைசின் வேண்டும், அதனால் இதே துண்டு அதில் சரியாக உட்காராது. ஒரே வைரஸ், இருவர் உடம்பில் இரண்டு விதமான துண்டுகள் காட்டப்படுகின்றன. டி செல் பெப்டைடையும் எம்ஹெச்சியையும் சேர்த்தேதான் பார்க்கிறது என்பதை 1974இல் கான்பராவில் பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் காட்டினார்கள். 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தைமஸில் என்ன நடக்கிறது? டி செல்லின் ஏற்பி, அதாவது பெப்டைடைப் பிடிக்கும் அதன் கை, மரபணுத் துண்டுகளைக் கண்மூடித்தனமாகக் குலுக்கி ஒட்டுவதால் உருவாவது. எதைப் பிடிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே இரண்டு சல்லடைகள். தைமஸின் வெளிப்பகுதியான புறணியில், நம் எம்ஹெச்சியை லேசாகக்கூடப் பிடிக்க முடியாதவை சில நாட்களில் சாகின்றன. பிழைத்தவை உட்பகுதிக்குப் போகின்றன. அங்கே நம் பெப்டைடை மிக இறுக்கமாகப் பிடிப்பவை சாகின்றன, அல்லது மற்ற டி செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களாக மாறுகின்றன. நூற்றில் ஐந்துக்கும் குறைவானவையே வெளியே வருகின்றன.

இன்சுலின் கணையத்தில் அல்லவா சுரக்கிறது, தைமஸில் எப்படி அதைக் காட்ட முடியும் என்ற கேள்வி உடனே எழ வேண்டும். ஏயர் என்ற மரபணு அதற்குத்தான். உடம்பின் மூலைமுடுக்குகளில் மட்டும் உருவாகும் ஆயிரக்கணக்கான புரதங்களை அது தைமஸின் உட்பகுதிச் செல்களில் கொஞ்சம் கொஞ்சமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. இந்த மரபணு பழுதானால் பாராதைராய்டு, அட்ரினல் சுரப்பிகளை உடம்பே தாக்கும் நோய் வருகிறது. அளவும் முக்கியம்: இன்சுலின் மரபணுவுக்கு முன்னால் உள்ள ஒரு வேறுபாட்டால் தைமஸில் இன்சுலின் குறைவாக உருவாகிறவர்களுக்கு முதல் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு, எவ்வளவு சிறிய விலகலில் கெடுகிறது!

இவ்வளவுக்குப் பிறகும் நம்மைத் தாக்கக்கூடிய சில தப்பித்து வெளியே வரத்தான் செய்கின்றன. அதனால் இன்னொரு பூட்டு: டி செல்லுக்குப் பெப்டைடைக் காட்டும் டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல், சிடி80, சிடி86 ஆகிய மேற்பரப்புப் புரதங்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கிருமியின் தடயமோ சேதமோ தென்பட்டால்தான் அவை போதிய அளவில் மேலே வரும். அவை இல்லாமல் பெப்டைடு மட்டும் காட்டப்பட்டால் டி செல் செயலிழந்துவிடும். சுத்தமான புரதத்தால் ஆன ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியில் அலுமினிய உப்பு சேர்ப்பது இந்த எச்சரிக்கையைக் கிளப்பத்தான். மேலே சொன்ன ஒழுங்குபடுத்தும் டி செல்களும் தப்பித்தவற்றை அடக்குகின்றன; அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் 2025 மருத்துவ நோபல்.

ஏற்பி துல்லியமானதல்ல, சாயல் போதும். 2003இல் சார்ஸ் வந்து குணமானவர்களின் டி செல்கள் 17 ஆண்டுகள் கழித்தும் கோவிட் வைரஸின் நியூக்ளியோகாப்சிட் புரதத்தை (வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்திருப்பது) அடையாளம் கண்டன என்று 2020இல் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதே சாயல்தான், தொண்டையில் ஸ்டிரெப்டோகாக்கஸ் தொற்று வந்தபின் சிலருக்கு ருமேட்டிக் காய்ச்சலில் இதயம் தாக்கப்படக் காரணம்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நேரடியாக உதவும் விஷயம் ஒன்று. வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரும் கார்பமாஸபின் மாத்திரை எச்எல்ஏ-பி*15:02இல் ஒட்டிக்கொண்டு, சொந்தச் செல்லையே டி செல்லுக்கு அந்நியமாகக் காட்டிவிடக்கூடும். விளைவு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்: தோலும் வாய், கண் சவ்வுகளும் உரிந்துவிடும். உயிருக்கே ஆபத்து. இந்த எச்எல்ஏ வகை சீனர், மலாய்க்காரரிடம் அதிகம். இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்வது இங்கே நடைமுறை. 'நாம் தமிழர்கள், நமக்கு வேண்டாம்' என்று விட்டுவிடாதீர்கள். முடிவு பாசிட்டிவ் என்றால் வேறு மருந்து கேளுங்கள். நெகட்டிவ் என்றாலும் முதல் மூன்று மாதம் காய்ச்சல், வாய்ப்புண், தடிப்பு என எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள், ஏனெனில் வேறு எச்எல்ஏ வகைகளாலும் ஒவ்வாமை வரலாம். பல மாதமாகச் சிக்கலின்றி இதைச் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும்.