ஓய்வு ஒருவருக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஐயா,

நீண்டகால அலுவலக வாழ்க்கைக்குப் பிறகு சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இப்போது எதற்கும் அவசரமில்லை. வாசிப்பும் நடையும் போக மிச்சமுள்ள பொழுது நீண்டு கிடக்கிறது. சில நாட்களில் கிழமைகூட மறந்துவிடுகிறது. வீட்டிலேயே இருப்பதால், என் மனைவி எனக்காக எவ்வளவு செய்கிறார் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. மாத்திரைப் பெட்டி நிரம்பியிருக்கிறது, மூக்குக்கண்ணாடி துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நன்றி சொன்னால், “இதில் என்ன இருக்கிறது” என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். நாட்களை எப்படி நிரப்புவது, அவருக்கு என் நன்றியை எப்படித் தெரிவிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. அலுவலகம் நம் நாளுக்குத் தந்திருந்த தொடக்கமும் முடிவும், நம்மை எதிர்பார்த்திருக்கும் மனிதர்களும், ஓய்வு பெற்ற மறுநாளே இல்லாமல் போகிறார்கள். ஒன்றுபோல் கழியும் நாட்களில் நினைவு பற்றிக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. பொழுதுபோக்குகளை அடுக்கிக்கொண்டே போவதால் இது தீராது என்பது என் எண்ணம். நாம் செய்யாவிட்டால் இன்னொருவருக்குக் குறை நேரும் என்ற நிலையில் உள்ள ஒரு வேலைதான் நாளைத் தாங்கி நிறுத்தும்.

அந்த வேலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஓய்வு வயது என்ற ஏற்பாடே அண்மைக்காலத்தது. 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் அரசு கொண்டுவந்த முதியோர் காப்பீட்டுச் சட்டம் 70 வயதை வரம்பாக வைத்தது. 1916இல் அது 65 ஆயிற்று. சம்பளம் பெறும் உழைப்புக்காக வகுக்கப்பட்ட அந்தக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு உழைப்புக்கு இடமில்லை. ஆகவே உங்களுக்கு வந்த ஓய்வு உங்கள் மனைவிக்கு இன்னும் வரவில்லை; நீங்கள் நாள் முழுவதும் வீட்டில் இருப்பதால் அவருடைய வேலை கூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

அவர் செய்வது இத்தனை நாள் உங்கள் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், 37 தம்பதியரிடம் 20 வகையான செயல்களில் தத்தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்கப்பட்டது. பெரும்பாலானவற்றில் இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டினால் முழு அளவைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது எளிதில் நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது அப்படி வருவதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட மாத்திரைப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஏழு அறைகளில் மாத்திரைகளைப் பிரித்துப் போடுவது சில நிமிட வேலை. ஆனால் எந்த அட்டை தீரப்போகிறது என்று பார்த்து முன்கூட்டியே வாங்கிவைப்பதும், மருத்துவர் அளவைக் குறைத்தால் அதை மறக்காமல் மாற்றிவைப்பதும், இரவு நீங்கள் போட்டுக்கொண்டீர்களா என்று மூடியை ஒருமுறை திறந்து பார்ப்பதும் சேர்ந்ததுதான் அந்த வேலை. இதில் உங்கள் கண்ணில் படுவது நிரம்பிய பெட்டி மட்டுமே.

எனவே, “ஏதாவது செய்யட்டுமா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால், என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்லும் பொறுப்பும் அவர் மேலேயே விழுகிறது. ஏதேனும் ஒரு வேலையை, அதை நினைவில் வைத்திருப்பது உட்பட, முழுமையாக உங்களுடையதாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் விரும்பிச் செய்யும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். அவர் செய்யும் முறையை முதலில் அருகிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அதைச் சீர்திருத்தக் கிளம்ப வேண்டாம்.

அவர் சிரித்துவிட்டு நகர்வதை மறுப்பாக எண்ணாதீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் நன்றியை நேருக்கு நேர் நின்று வாங்கிக்கொள்ள யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கண்ணாடியைத் துடைத்து வைத்ததால் காலையில் நாளிதழ் படிக்க வசதியாக இருந்தது என்று, அந்த ஒன்றை மட்டும், அன்றைக்கே சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: அவருடைய நாளில் அவருக்கென்று எந்த நேரம் வேண்டும், அதில் என்ன செய்ய ஆசை என்று. உடனே பதில் வராமல் போகலாம். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். சில நாட்கள் விட்டு மறுபடியும் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தில் வீட்டுப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது என்று முடிவு செய்து, அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.