முற்றத்து மணலில் ஒரு சதுரம்

அன்புள்ள ஐயா,

மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்க விருப்பம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ரியூசனில் வகையீடு முடித்துத் தொகையீட்டுக்குப் போய்விட்டதாம். இவளையும் இப்போதே சேர்க்கட்டுமா? ஆங்கில மொழிமூலம் நல்லதா?

ஒரு தாய், கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொழிமூலத்தை விடுங்கள். பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறாளோ அதில் படிக்கட்டும்.

போன கிழமை தம்பியின் மகன் ஒரு தொகையீட்டுக் கணக்கோடு வந்தான். நடுவில் வர்க்கபூர்த்தி செய்ய, அதாவது ஒரு கோவையை முழு வர்க்கமாக்க வேண்டிய இடத்தில் பேனை நின்றுவிட்டது. "பாதியை எடுத்து வர்க்கிக்கச் சொன்னவர் சேர்" என்றான். ஏன் பாதி? அவனுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து மனம் ஆறவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

1991. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். கொப்பிக்கும் தட்டுப்பாடு. பொழுதுபடுமுன் பெரியப்பா என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு, கூட்டிய மணலில் ஈர்க்கால் ஒரு சதுரம் கீறினார். "ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39. எண் எது?"

சதுரம்தான் அந்த வர்க்கம். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலத்தில் ஒரு பட்டையை வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டினார். மூலையில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஐந்துக்கு ஐந்து, 25. அதை நிரப்பினால் 39உம் 25உம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8, ஐந்தைக் கழித்தால் 3. பாதி எடுப்பது ஏனென்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் எழுதி வைத்த கணக்கு அதுவென்று பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். மறை 13உம் (-13) விடைதான். ஆனால் மணலில் கீறிய பக்கம் மறை எண்ணாக இருக்க முடியாது. 64க்கு மறை 8உம் வர்க்கமூலம் என்பதைப் பெரியப்பா அடுத்தநாள் தனியாகச் சொன்னார்.

இந்த ஒரு வேலை வட்டத்தின் மையம் காண, இருபடிச் சார்பின் இழிவுப் பெறுமானம் காண, தொகையிட என்று உயர்தரம் முழுக்க வரும். இணைந்த கணிதத்தில் தூய கணிதத்துக்கும் பிரயோக கணிதத்துக்கும் தலா 3 மணித்தியால வினாத்தாள். அங்கே பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் பின்னம் சுருக்கும்போதும் குறி மாறும்போதும்தான். அதெல்லாம் 10ஆம், 11ஆம் ஆண்டுப் பாடம். காரணி, அட்சரகணிதப் பின்னம், சுட்டி, மடக்கை என்று ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் அவளே செய்து, விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்கட்டும். தொகையீட்டுக்கு அவசரமில்லை.

கோபிக்காதீர்கள், கேட்கத்தான் வேண்டும். பரீட்சை முடிந்த பிள்ளையை ஒரு கிழமையாவது நிம்மதியாக நித்திரை கொள்ள விட்டீர்களா? பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் பார்த்துப் பார்த்து உங்கள் பிள்ளையை ஓட்டுவது பெரிய பிழை, தங்கச்சி. கணக்கை விரும்பித் தெரிந்தெடுத்த பிள்ளை அவள்.

சரி, அவளிடம் இதைக் கொடுங்கள்: ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அதன் ஆறு மடங்கைக் கூட்டினால் 55. முற்றத்தில் கீறிப் பார்த்து எனக்கு எழுதட்டும். இரண்டு விடையும் வேண்டும்.