கடைசிப் பத்து நொடிக்கு ஒரு ஆள்

கேள்வி: விடிகாலையில் எழுந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பார்க்கும் வீடு எங்களுடையது. நான் நியூயார்க் நிக்ஸ் ரசிகை, தம்பி பாஸ்டன் செல்டிக்ஸ். நிக்ஸில் ஆடிய பிரெஞ்சுக்காரர் ஃபிராங்க் நிலிக்கினாவை வைத்து எங்களுக்குள் வருஷக்கணக்காகத் தகராறு. "டிஃபென்ஸில் புலி. நிக்ஸ் ஒழுங்காக ஆட விட்டிருந்தால் செல்டிக்ஸின் ராஜான் ரோண்டோ மாதிரி வந்திருப்பான்" என்பது என் கட்சி. "கூடையில் போடத் தெரியாத பாயிண்ட் கார்டுக்கு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) எத்தனை நிமிஷம் கொடுத்து என்ன?" என்பது அவன் கட்சி. பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம். நீங்கள் கோச்சாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிரியாணிக்கு முன்னால் ஒரு காட்சியை நினைவுபடுத்துகிறேன். உங்களுக்கு வலிக்கும், மன்னிக்கவும்.

2021 மே 23, மேடிசன் ஸ்கொயர் கார்டன். 2013-க்குப் பிறகு நிக்ஸ் முதல் தடவையாக பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) ஆடுகிறது. அட்லாண்டா ஹாக்ஸுடன் 105-105. பத்து நொடிகூட மீதி இல்லை. பந்து டிரே யங் கையில் வரப்போகிறது. கோச் டாம் திபடோ பெஞ்சைத் திரும்பிப் பார்த்து நிலிக்கினாவை அனுப்புகிறார். யங் அவரைத் தாண்டி உள்ளே போய், உயரமாக மிதக்க விட்டு, பந்தைக் கூடைக்குள் இறக்குகிறார். 0.9 நொடி மீதி. 107-105.

"பார்த்தாயா, அந்த டிஃபென்ஸும் வராது" என்று உங்கள் தம்பி அன்று குதித்திருப்பார். நான் பார்த்தது வேறு. எதிரே நின்றவர் ஏற்கெனவே 30 பாயிண்ட் எடுத்துச் சூடேறி நிற்கிறார். இவரோ ஆட்டம் முழுக்கத் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் இருந்தவர். கால் இன்னும் இளகவில்லை, யங் அன்று எந்தப் பக்கம் சாய்ந்து போகிறார் என்று உடம்புக்குத் தெரியாது. டிஃபென்ஸ் என்பது தீயணைப்பு வண்டி இல்லை, மணி அடித்ததும் கிளம்பிப் போக. நாலைந்து தடவை மறித்து, இரண்டு தடவை ஏமாந்து, அப்புறம்தான் எதிராளியின் தாளம் பிடிபடும்.

சரி, கோச்சுகள் ஏன் இப்படிப்பட்டவர்களை உட்கார வைக்கிறார்கள்? கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு. பாயிண்ட் கார்டுக்குத் தொலைவிலிருந்து போடத் தெரியாவிட்டால், அவரைக் காவல் காக்கும் ஆள் அவரை விட்டுவிட்டுப் பின்வாங்கிக் கூடைக்கு அருகே போய் நின்றுகொள்வார். கூடையடியில் ஆடும் உங்கள் சென்டருக்கு இடம் இல்லை, உள்ளே வெட்டி ஓடுபவருக்கு வழி இல்லை. ஐந்து பேரை நான்கு பேர் எதிர்க்கிற மாதிரி. கிரிக்கெட்டில் கில்கிறிஸ்ட் வந்த பிறகு, கீப்பிங் மட்டும் தெரிந்த கீப்பருக்கு என்ன ஆனது என்று யோசியுங்கள். அதே கதைதான்.

இன்னொரு பக்கம், இவர்கள் தருவது ஸ்கோர் அட்டையில் ஏறுவதில்லை. 24 நொடிக்குள் ஷாட் போட வேண்டும், அதிலும் பந்தை 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். எதிரணி பாயிண்ட் கார்டை அவர் கூடைப் பக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தால், மூன்று நொடியில் தாண்ட வேண்டியவர் ஆறேழு நொடி எடுத்துக்கொள்கிறார். திட்டம் தொடங்கும்போதே நேரம் குறைந்திருக்கும். முதல் ஸ்க்ரீன் (சக வீரர் குறுக்கே நின்று வழி ஏற்படுத்துவது) உடைந்தால் இரண்டாவதற்கு நேரம் இல்லை, அவசரத்தில் ஒரு மோசமான ஷாட். அதை அட்டையில் "தவறவிட்டார்" என்று போடுவார்கள். யாரால் தவறியது என்று போட அதில் இடம் கிடையாது. நான் பள்ளி அணியில் பந்து கொண்டுபோகிறவனாக இருந்தவன். ஒட்டுப்புல் மாதிரி கூடவே வருகிற ஒருத்தன் எதிரே இருந்தால் அன்று இரவு சாப்பாடே இறங்காது.

இப்போது ரோண்டோ. 2006 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 21-வது ஆள். பாஸ்டனில் முதல் வருஷம் செல்டிக்ஸ் 24 வெற்றி, 58 தோல்வி, தொடர்ச்சியாக 18 தோல்வி வேறு. உங்கள் தம்பிக்கு அந்த வருஷம் பிடிக்காது, ரோண்டோவுக்கு அதுதான் பள்ளிக்கூடம். தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் பையன் பந்தைத் தொலைத்தால் யாருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறாது. 78 ஆட்டம், 25-ல் தொடக்க ஐவரில் ஒருவர். அடுத்த கோடையில் கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வந்து பால் பியர்ஸோடு சேர்ந்தார்கள். தூரத்து ஷாட் இன்னமும் வராது, ஆனால் போடுவதற்கு மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். மறிப்பதும் பந்தைப் பங்கு போடுவதும்தான் இவர் வேலை. 2008 இறுதித் தொடரில் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட் இவரைக் கண்டுகொள்ளாமல் விலகி நின்று மற்றவர்களுக்கு உதவப் போனார். நான்காம் ஆட்டத்தில் 24 பாயிண்ட் பின்தங்கிய பாஸ்டன் மீண்டு வந்தபோது, ரோண்டோவை உட்கார வைத்துவிட்டு, தொலைவிலிருந்து போடத் தெரிந்த எடி ஹவுஸை கோச் டாக் ரிவர்ஸ் ஆட விட்டார். தம்பியின் கட்சிக்கு இது பலம். ஆனால் ஆறாம் ஆட்டத்தில் அதே ரோண்டோ 21 பாயிண்ட், 8 அசிஸ்ட் (கூடையில் விழ வைத்த பாஸ்), 6 ஸ்டீல் (பறித்த பந்து). 131-92, கோப்பை. உட்கார வைத்தார்கள், ஒதுக்கிவிடவில்லை.

உங்கள் கட்சியின் ஓட்டை இங்கேதான். நிலிக்கினாவுக்கு நிமிஷமே கிடைக்கவில்லை என்பது சரியில்லை. 2017-ல் எட்டாவது ஆளாக எடுத்தார்கள், முதல் சீசனில் 78 ஆட்டம், சராசரி 22 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரோண்டோவின் முதல் வருஷக் கணக்கிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. கெட்டுப்போனது எண்ணிக்கை இல்லை, வகை. அவரைத் தேர்ந்தெடுத்த அணி நிர்வாகத் தலைவர் ஃபில் ஜாக்சன் ஒரு வாரத்துக்குள் வெளியேறினார். நான்கு சீசனில் ஹார்னசெக், ஃபிஸ்டேல், மில்லர், திபடோ என்று நான்கு கோச்சுகள். ஒருநாள் பாயிண்ட் கார்டு, மறுநாள் ஓரத்து ஆள். நடுவில் எமானுவேல் முடியே என்ற இன்னொரு பாயிண்ட் கார்டு வந்தார், பிறகு 2019 ஜனவரியில் டென்னிஸ் ஸ்மித் வந்தார். 2017-ல் நிலிக்கினாவுக்கு அடுத்து ஒன்பதாவதாக டல்லஸ் எடுத்த அதே ஸ்மித். பையன் மனசு என்ன ஆகும்? பெரிய ஸ்கோரர்கள் இல்லாத, 65 ஆட்டம் தோற்ற அணியில் "நீயும் போடு" என்று எதிர்பார்த்தார்கள். முதல் சீசனில் 36 சதவீதம் விழுந்த ஷாட், அடுத்த சீசனில் 34-க்கு இறங்கியது. தயங்குகிறவன் கையில் பந்து கனக்கும்.

அதே ஆள் 2019 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸ் சட்டையில் எப்படி ஆடினார்? அமெரிக்காவை 89-79 என்று சாய்த்த ஆட்டம். பாயிண்ட் எடுக்க ஃபூர்னியேவும் கோபேரும் இருந்தார்கள். கெம்பா வாக்கரைக் காய வைக்கிற வேலையில் இவருக்கும் பங்கு, கூடவே 11 பாயிண்ட். ஆள் மாறவில்லை, பக்கத்தில் நின்றவர்கள்தான் மாறியிருந்தார்கள்.

நான் கோச்சாக இருந்தால் பாஸ்டனின் ஏவரி பிராட்லி வழியைத்தான் பார்த்திருப்பேன். (தம்பிக்கு மீண்டும் சந்தோஷம்.) 2010-ல் 19-வது ஆள். முதல் சீசனில் 31 ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம்தான். மெய்ன் மாநிலத்து டி-லீக் (என்.பி.ஏ.வின் பயிற்சி லீக்) அணிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் லீக் கதவடைப்பில் கிடந்தபோது இஸ்ரேலில் போய் ஆடினார். 2012 ஜனவரியில் ரோண்டோவுக்கு மணிக்கட்டில் அடிபட, இவர் உள்ளே வந்து ஆர்லாண்டோவின் ஜமீர் நெல்சனை மூச்சு விட விடவில்லை. ஆர்லாண்டோ மொத்தமே 56 பாயிண்ட். ரோண்டோ திரும்பியதும் பிராட்லியைப் பெஞ்சுக்கு அனுப்பி மறந்துவிடவில்லை, பந்து கொண்டுபோகும் பாரத்தை மட்டும் இறக்கி வைத்தார்கள். ரோண்டோ பந்தோடு நிற்க, இவர் பின்கோட்டு ஓரமாக வெட்டி ஓடுவார், இல்லையென்றால் மூலையில் நின்று மூன்று பாயிண்ட் ஷாட் போடுவார். அந்த சீசன் முடிவதற்குள் ரே ஆலனின் இடமே இவருடையதாகிவிட்டது.

ஆகவே என் அணியில் ஒரு நிலிக்கினா இருந்தால், இரண்டாம் குவார்ட்டரில் ஏழு நிமிஷம், நான்காம் குவார்ட்டர் தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் என்று அவர் பெயரில் எழுதி வைத்துவிடுவேன். முதல் ஷாட் தவறியதும் இழுத்து உட்கார வைக்க மாட்டேன். ஃபவுல் மட்டும் விதிவிலக்கு: மறிக்கிற பையன்களுக்குக் கை நீளம், ஆறு ஃபவுலில் ஆட்டம் முடிந்துவிடும், ஐந்தாவதில் கூப்பிடத்தான் வேண்டும். பக்கத்தில் எப்போதும் பந்து கையாளத் தெரிந்த இன்னொருவரை நிறுத்துவேன். ஷாட் பழக மூலை ஒன்றே போதும், மைதானம் முழுக்க வேண்டாம். அப்போதும் ரோண்டோ வந்திருக்க மாட்டார். ரோண்டோ பந்தைக் கொடுத்த விதம் பிறவி, நிமிஷத்தால் வருவதில்லை. நல்ல பிராட்லி ஒருவர் வந்திருக்கலாம்.

நிலிக்கினா நியூயார்க்கை விட்டு டல்லஸ், சார்லட் என்று போய், 2024-ல் ஐரோப்பாவுக்கே திரும்பிவிட்டார், பெல்கிரேடின் பார்டிசானுக்கு. அங்கே ஆட்டம் 40 நிமிஷம்தான், டிஃபென்ஸுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

பந்தயத்தைப் பொறுத்தவரை, "ரோண்டோ மாதிரி" என்று சொன்னதால் நீங்கள் தோற்றீர்கள். "எத்தனை நிமிஷம் கொடுத்து என்ன" என்று சொன்னதால் தம்பியும் தோற்றார். பிரியாணிச் செலவு ஆளுக்குப் பாதி. லெக் பீஸ் உங்களுக்கு, அந்த ஹாக்ஸ் ஆட்டத்தை ஞாபகப்படுத்தியதற்காக.