நம்பர் சொல்லு

அன்புள்ள ஐயா,

என் அப்பா கடலூர் ஓ.டி.க்காரர், அதாவது ஓல்டு டவுன். ரயில்வேயில் 34 வருடம், பெரும்பாலும் ஸ்டேஷன் மாஸ்டராக. போன மாசியில் தவறிவிட்டார். வருஷத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று முடிவாகி, ‘நீதான் எப்பப் பார்த்தாலும் படிச்சிட்டிருக்கே, நீயே எழுது’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வேலையைப் பற்றி எழுதினால் சர்வீஸ் ரிஜிஸ்தர் மாதிரி வருகிறது. வீட்டில் எப்படி இருந்தார் என்று எழுதினால் ‘பாசமானவர், பொறுமைசாலி, எல்லாருக்கும் ஓடி ஓடி உதவியவர்’. எந்த அப்பாவின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நான் திருச்சி ஹாஸ்டலில் படித்தபோது, போய்ச் சேர்ந்ததும் பூத்திலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வேன். ‘வந்துட்டேன்பா’ என்றால் போதாது. ‘நம்பர் சொல்லு’ என்பார். வாயில் வந்த இரண்டு இலக்கத்தைச் சொல்வேன். வீட்டுக்குப் போய் அதைக் காலண்டர் தாளில் எழுதி, கரண்ட் பில் குத்தும் கம்பியில் குத்திவைப்பார். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகும் இது நிற்கவில்லை. தானே புயலின்போது நாலு நாள் பேச முடியவில்லை. ஐந்தாம் நாள் யாருடைய செல்போனிலிருந்தோ கூப்பிட்டு, ‘நல்லா இருக்கோம். நம்பர் எழுதிக்கோ, அறுபத்திமூணு’ என்றார். இதையெல்லாம் மலரில் போட்டால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்கிறார் சித்தப்பா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., சென்னை

அன்புள்ள ம.,

சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மலரின் முதல் பக்கத்தில் வர வேண்டியதே அதுதான்.

அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து கேட் கீப்பருக்குப் போன் போகும், வண்டி வருகிறது, கேட்டைப் போடு என்று. ‘போட்டாச்சு’ என்று வெறும் வாயால் சொன்னால் கணக்கில்லை. கேட் கீப்பரிடம் ஒரு அச்சடித்த தாள் இருக்கும். அதில் இரண்டு இலக்க எண்கள், முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். அடுத்து வரும் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு அதை அடித்துவிட வேண்டும். இந்தப் பக்கம் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டிக்கு வழிவிடும் கைகாட்டி இறங்கும். பிரைவேட் நம்பர் என்பார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் ‘நான் சொல்லவே இல்லையே’ என்று இரண்டு பக்கமும் நழுவ முடியாது. தூக்கக் கலக்கத்தில் ‘ம்ம்’ கொட்டியதை ‘சரி’ என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அப்படி ஒரு எண்ணை வாங்கி எழுதிக்கொண்டு ராத்திரி ராத்திரியாக வண்டி அனுப்பியவர், பெண் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்பதற்கும் அதையே கேட்டிருக்கிறார். வேலை ஒரு அத்தியாயம், வீடு ஒரு அத்தியாயம் என்று நீங்கள் பிரித்து எழுதப் பார்க்கிறீர்கள். அதனால்தான் இரண்டிலும் அவர் சிக்க மாட்டேன் என்கிறார்.

நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டியில் படிக்கப் போனவன். நிற்காத வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது ஒருவர் பிளாட்பாரத்தில் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். வளையத்தில் ஒரு தோல் பை, பைக்குள் ஒரு இரும்புப் பந்து. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை இந்த வண்டிக்குத்தான் என்பதற்கு அந்தப் பந்துதான் அத்தாட்சி. அது வெளியே இருக்கும்வரை இரண்டு ஸ்டேஷன் பெட்டியிலிருந்தும் இன்னொரு பந்து வராது. எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்தைக் கோத்துக்கொண்டு போகும். அந்தக் கை தவறிவிடுமோ என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் பக்கென்று இருக்கும். வளையம் பிடித்து நிற்பவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது ஓ.டி. பக்கம் இருப்பார்கள், போய்ப் பாருங்கள். ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். தங்கமான மனுஷன் என்பார்கள், அத்தோடு சரி. நைட் டூட்டிக்கு என்ன கட்டிக்கொண்டு வருவார், தூக்கம் வந்தால் என்ன செய்வார், எதற்குக் கத்துவார் என்று கேளுங்கள். 2006 கடைசியில் விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை அகலப்பாதையாக்க மூடினார்கள், 2010-ல்தான் மறுபடி வண்டி ஓடியது. தண்டவாளம் இல்லாத ஸ்டேஷனை அவர் போய்ப் பார்த்தாரா? அதையும் கேளுங்கள்.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா போனபோது பதினாறாம் நாளுக்கு ஒரு மடிப்புத் தாள் அச்சடித்தோம். அச்சகத்தில் வாசகம் தயாராக இருந்தது. பெயர், ஊர், தேதி மூன்றையும் மாற்றினால் போதும். ‘பண்பின் சிகரம், பாசத்தின் இமயம்’ என்று போட்டார்கள். நானும், எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறவன், தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே தூங்கிவிடுவார், அம்மா எழுந்துவந்து அதை எடுத்துவைப்பாள். அந்தத் தாளில் பென்சில் இல்லை. இன்று எடுத்துப் பார்த்தால் யாரோ ஒருவரின் சாவு.

அப்புறம், அவர் வீட்டில் இல்லாத நாட்களை மறைக்காதீர்கள். பண்டிகை என்றால் இருக்கிற வண்டி போதாமல் ஸ்பெஷல் வேறு விடுவார்கள். எத்தனை தீபாவளிக்கு விடியற்காலையில் எண்ணெய் வைத்துவிட அவர் இருந்தார்? அம்மாவுக்கு அதில் கோபம் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.

தானே புயல் கரையேறிய 2011 டிசம்பர் 30 அன்று நான் மஞ்சக்குப்பத்தில்தான் இருந்தேன். விடிந்து பார்த்தால் தெருவில் நிமிர்ந்து நின்ற மின்கம்பத்தை எண்ணிவிடலாம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. ஜெனரேட்டர் ஓடிய கடைகளில் செல்போனுக்குச் சார்ஜ் போட வரிசை. அந்த வரிசையில் எங்கோ உங்கள் அப்பாவும் நின்றிருக்கலாம், அல்லது நின்று வந்த ஒருவரிடம் போனைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அதுவரை நம்பர் கொடுப்பவர் நீங்கள், எழுதிக்கொள்பவர் அவர். அன்றைக்கு அது மாறிவிட்டது. பெண் நாலு நாளாகக் கைகாட்டியை இறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கவலைப்படாதே என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள், நம்பரைக் கொடுத்தார். நீங்கள் அதை எங்கேயாவது எழுதிக்கொண்டீர்களா? கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.

பதவி உயர்வு, பணியாற்றிய ஊர்கள் எல்லாம் பின்னட்டையில் நாலு வரி வந்தால் போதும். சித்தப்பாவும் சமாதானமாகிவிடுவார். அதைவிட அவசரமாக ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கம்பியும் தாள்களும் ஓ.டி. வீட்டில் இன்னும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். போகிக்கு வீடு ஒழிக்கும்போது முதலில் நெருப்புக்குப் போவது அந்த மாதிரித் தாள்கள்தான்.