பதிவு அலுவலகம் மாடியில், அப்பா சக்கர நாற்காலியில்: பவர் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டை என் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுத விரும்புகிறார். எங்கள் சார்பதிவாளர் அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. பத்திரம் எழுதுபவர், "ஒரு பவர் (அப்பா சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) போட்டுவிடுங்கள். ஆபீசரை வீட்டுக்கு வரவழைக்க 20 ஆயிரம் ஆகும்" என்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி)

பதில்: பவர் வேண்டாம் அம்மா. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து, சொத்து சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தையும் கட்டாயம் பதிய வேண்டும். அதைப் பதிய அப்பா எங்கே போவார்? அதே மாடிக்குத்தான். அதற்கும் ஆபீசர் வீட்டுக்கு வர வேண்டும் என்றால், நேராக செட்டில்மெண்டுக்கே வரட்டுமே. பத்திரம் எழுதுபவருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒரு பத்திரம் எழுதினால் ஒரு கூலி, இரண்டு எழுதினால் இரண்டு கூலி. "ஏஜென்டாக, என்கிட்ட வேலை செய்யற நம்ம பையன் பெயரையே போட்டுக்கலாம்" என்றும் சொல்வார், பாருங்கள். அந்தப் பையனிடம் வீட்டை விற்கும் அதிகாரம் போய்ச் சேர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய வழி 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது, 38-ஆவது பிரிவு. உடல் நலிவால், ஆபத்தோ பெருஞ்சிரமமோ இல்லாமல் அலுவலகத்துக்கு வர முடியாதவர் நேரில் வர வேண்டியதில்லை. சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்க ஆணையர் ஒருவரை நியமிக்க வேண்டும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு எழுதி, மருத்துவர் சான்றோடு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வர அரசு நிர்ணயித்த தனிக் கட்டணம் உண்டு, அதற்கு ரசீதும் உண்டு. ரசீது வராத பணம் எதுவும் கட்டணம் ஆகாது. கையெழுத்துப் போட்ட 4 மாதத்துக்குள் பத்திரம் பதிவுக்குப் போக வேண்டும் என்பதால், ஆபீசர் வரும் தேதி தெரிந்தபின் கையெழுத்து வாங்கினால் போதும்.

மருத்துவர் சான்றில் கொஞ்சம் நிதானம் தேவை. காரியம் சீக்கிரம் நடக்கட்டும் என்று, "படுத்த படுக்கை, பேச்சு இல்லை, நினைவு தடுமாறுகிறது" என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஆபீசர் வருவார், சான்றைப் படிப்பார், சுயநினைவில் சந்தேகம் என்று பதிய மறுத்துவிடுவார். அப்படியே பதிவானாலும், நாலு வருஷம் கழித்து உங்கள் அண்ணனோ தங்கையோ வழக்குப் போட்டால் அந்தச் சான்றே உங்களுக்கு எதிரான சாட்சி. இரண்டே வரி போதும்: மாடி ஏற முடியாது, கேட்பதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் தெளிவு இருக்கிறது. பேச்சு குழறினால் பரவாயில்லை, தலையசைத்தாவது "நான் எழுதிக் கொடுத்ததுதான்" என்று அவர் தெரிவிக்க வேண்டும். வலது கை வராவிட்டால் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். எது வைக்கப்பட்டது, ஏன் என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆபீசர் கேள்வி கேட்கும்போது நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள். அது பிற்பாடு உங்களுக்குத்தான் நல்லது.

"கீழே காரில் உட்கார வையுங்கள், வந்து ரேகை எடுத்துக்கொள்கிறோம்" என்று சில அலுவலகங்களில் நல்ல மனதோடு சொல்வார்கள். ஆனால் அந்த மனது ஆபீசர் மாறினால் மாறிவிடும். அதை நம்பி ஆம்புலன்ஸ் பிடிக்காதீர்கள்.

அப்புறம் அந்த மாடி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, விதிகள் வெளியாகி 5 ஆண்டுக்குள் எல்லாப் பொதுக் கட்டடங்களையும் சரிசெய்யச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் வேடிக்கை, வாசலில் சாய்தளம் கட்டி, சக்கர நாற்காலி படம் போட்ட நீல ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டு, அலுவலகத்தை மேலே வைத்திருப்பார்கள். அந்தச் சாய்தளமாவது ஒழுங்கா? 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், 2 அடி மேடைக்கு 24 அடி. 6 அடியில் முடித்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் அதில் இறங்குவது சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி.

பதிவு முடிந்ததும், படி எத்தனை என்று எண்ணி, போட்டோ எடுத்து, மனு நகலையும் சேர்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். சம்மன் அனுப்பி விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. இதற்கு வக்கீலும் வேண்டாம், பத்திரம் எழுதுபவரும் வேண்டாம்.