பூக்கடைக்கு இரண்டு வாடகையா?

கேள்வி: லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடைவீட்டில் என் மாமனார் காலத்திலிருந்து பூக்கடை வைத்திருக்கிறோம். எழுத்தில் ஒன்றும் இல்லை, மாதா மாதம் வாடகை. வீட்டுக்காரர் இப்போது மூன்று மடங்கு கேட்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், “இதுதாம்மா வாடகை இடைவெளி” என்கிறாள். அப்படியென்றால் என்ன? நாங்கள் என்ன செய்யலாம்?
- வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: சகோதரி, அது புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் சொன்ன விளக்கம். ஓர் இடத்துக்கு இரண்டு வாடகை உண்டு: இப்போது வருவது, அதே இடத்தில் அதிக லாபமுள்ள தொழில் நடந்தால் வரக்கூடியது. பூக்கடை 1,500 வெள்ளி தருகிறது, சிறு ஹோட்டல் 7,000 தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 5,500தான் இடைவெளி. பழுதுபார்ப்பு, வட்டி போக மிச்சம் நிற்கும் என்று தெரிந்ததும் முதலீடு வந்துவிடும். பழைய வட்டாரங்கள் மாறுவதற்கு மக்களின் ரசனையைவிடப் பணத்தின் வரவே காரணம் என்பது அவர் வாதம்.

அதை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. அவர் பார்த்த அமெரிக்க நகரங்களில் முதலீடு புறநகருக்குப் போய், நடுநகரம் பாழாகி இடைவெளி உண்டானது. பினாங்கில் அதில் பெரும்பங்கு சட்டத்துக்கு. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைப் பிடித்து வைத்திருந்தது. 1997இல் அதை ரத்து செய்ய இன்னொரு சட்டம் வந்தது. 2000 பிறந்ததும் கட்டுப்பாடு முழுதாக விலகியது. முப்பது வருடத்துக்கு மேல் தேங்கியது ஒரே நாளில் உடைத்துக்கொண்டது. குடும்பங்கள் வெளியேறின. காலியான சில மாடிகளில் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சின்னத் துவாரம் மட்டும் விட்டு, உள்ளே ஒலிபெருக்கி கட்டி, உணவாக விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்ததும் அந்த ‘வரக்கூடிய’ வாடகை இன்னும் ஏறியது. அந்த அங்கீகாரம் ஐந்தடி நடைபாதையையும் கூரை ஓடுகளையும் காக்கிறது, வாடகைக்கு இருப்பவரைக் காப்பதில்லை. இதைப் பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாய்ப்பேச்சு வாடகையும் செல்லும். ஆனால் உரிய நோட்டீஸ் கொடுத்து அதை முடித்துவிடலாம். ஆகவே தொகையோடு சேர்த்துக் காலத்தையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். 3 ஆண்டு வரை வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் குத்தகை, பதிவு கட்டாயம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கட்டடம் கைமாறினால், பதியாத 3 ஆண்டு ஒப்பந்தம் புதிதாக வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. விற்பனைக்கு முன்பே நில அலுவலகத்தில் கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், அதைக் குறிக்கச் செய்ய வேண்டும். கெரான் வீட்டுக்காரரிடமோ வங்கியிடமோ இருக்கும் என்பதால், அதைத் தந்து உதவுவதாக ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். முத்திரை வரியையும் கட்டிவிடுங்கள். கட்டாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது.

நோட்டீஸ் காலம் முடிந்தாலும், நீங்கள் உள்ளே இருக்கும்போது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. அதற்காகச் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள்: காலம் முடிந்த பிறகும் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது.

பேசப் போகுமுன், அதே தெருவில் புதுப்பித்த கடை ஒன்றும் புதுப்பிக்காத கடை ஒன்றும் என்ன வாடகைக்குப் போகின்றன என்று விசாரியுங்கள். உங்களுடையது புதுப்பிக்காதது. ஹோட்டலாக்க மாநகர் மன்ற அனுமதி வேண்டும், வேலை முடியும்வரை வாடகையே வராது. அத்தனை மாத நஷ்டத்தையும் ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.